காத்திருப்பு அறையில் ஒரு மேலதிகாரி

நிஷி-கசாய் ரயில் நிலையத்தில் இறங்கி, பாலத்துக்கு அடியில் வரிசையாக இருக்கும் கடைகளைத் தாண்டி நடந்தால், இன்று ஒரு தமிழ்க் குரலாவது காதில் விழாமல் வீடு போய்ச் சேர முடியாது. டோக்கியோவின் கிழக்கு ஓரம், எடோகாவா வட்டாரம், டோசாய் ரயில் தடம். இங்கே புதிதாக வந்திறங்கும் பிள்ளைகள், வாடகை வீட்டின் சாவி கைக்கு வருவதற்கு முன்பே, எந்த டாக்டர் ஆங்கிலம் பேசுவார், எந்தக் கிளினிக் சனிக்கிழமை காலையிலும் திறந்திருக்கும், குழந்தைக்குத் தடுப்பூசி எங்கே போடலாம் என்பதையெல்லாம் கைபேசியிலேயே விசாரித்து முடித்துவிடுகிறார்கள். அதைப் பார்க்க எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருக்கிறது. நாங்கள் வந்த காலத்தில் இப்படி ஒரு வசதி இருந்திருந்தால் எத்தனை இரவுகள் நிம்மதியாகத் தூங்கியிருப்போம் என்றும் தோன்றும். அடுத்த நிமிடமே, அப்படி இருந்திருந்தால் ஒரு மனிதரை நான் அறியாமலே போயிருப்பேனே என்று மனம் இன்னொரு பக்கம் இழுக்கும்.

நாங்கள் வந்தது 2000 பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால். கணினிகள் எல்லாம் ஆண்டைக் கடைசி இரண்டு எண்களால் மட்டும் எழுதி வைத்திருந்தபடியால், அந்த நள்ளிரவில் வங்கிகளும் மின்நிலையங்களும் என்ன ஆகுமோ என்று உலகமே கவலைப்பட்ட நேரம். அந்தக் கவலைதான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் எங்களைப் போன்றவர்களை நிரல் எழுதக் கூட்டிக்கொண்டு வந்தது. பெட்டியில் நாலு சட்டை, ஒரு பிரஷர் குக்கர், அம்மா கட்டிக்கொடுத்த பருப்புப் பொடி, அதற்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய மருந்து. குரோசின், ஜெலூசில், அமிர்தாஞ்சன், சுக்கு, ஓமம், யாரோ ஒரு சித்தப்பா சொல்லி வாங்கிப் போட்ட பச்சை நிறக் காப்ஸ்யூல் ஒன்று. துபாய்க்குப் போனவரும் சிங்கப்பூருக்குப் போனவரும் நியூ ஜெர்சிக்குப் போனவரும் இந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டுதான் போயிருப்பீர்கள். வெளிநாட்டில் டாக்டரிடம் போகாமலே காலம் தள்ளிவிடலாம் என்பதற்கு வீட்டார் கொடுத்தனுப்பிய உத்தரவாதம் அது.

டாக்டரிடம் போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. காப்பீட்டு அட்டை கொடுத்திருந்தார்கள். 1961லேயே நாட்டில் உள்ள எல்லோரையும் ஏதாவது ஒரு மருத்துவக் காப்பீட்டுக்குள் கொண்டுவந்துவிட்ட தேசம் இது. அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் கையிலிருந்து கொடுத்தால் போதும் என்றிருந்த காலம். 2003இல்தான் அது பத்தில் மூன்று பங்காக, அதாவது நூற்றுக்கு முப்பதாக உயர்ந்தது. ஆனாலும் பயந்தோம். பணத்தை எண்ணிப் பயந்தது பாதி. உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்களோ, இந்தியாவிலிருந்து வந்தவன் தெம்பில்லாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்தது மீதி. பாயில் படுத்துக் கூரையைப் பார்த்தபடி, உடம்பு கொதிக்கக் கொதிக்க, காலையில் ஏழரை மணி ரயிலுக்கு எப்படியாவது எழுந்துவிட வேண்டும் என்று வைராக்கியம் பிடித்த அந்தப் பையனை இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, அவன் தலையைத் தடவிக்கொடுக்கவும் தோன்றுகிறது.

அப்படி எழுந்து போன ஒரு காலையில்தான் எங்கள் காச்சோ என்னைப் பார்த்தார். காச்சோ என்றால் ஒரு பிரிவின் தலைவர். பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை, பதவியே பெயர். ஐம்பதை நெருங்கும் வயது, எப்போதும் சாம்பல் நிறக் கோட்டு, சட்டைப் பையில் இரண்டு பேனா. அவர் இடம் எங்கள் மேசை வரிசையின் தலைமாட்டில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி. தனி அறையெல்லாம் கிடையாது. இருபது பேரின் முகமும் அவருக்குத் தெரியும், அவர் முகமும் எங்கள் இருபது பேருக்கும் தெரியும். இப்போது கட்டும் அலுவலகங்களில் யார் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்கிறார்கள். காலையில் வந்து ஏதோ ஒரு மேசையில் மடிக்கணினியை விரித்துக்கொள்கிறோம். வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்குக் காச்சோ தலையை நிமிர்த்திய ஒரு கணத்தில் என் கண் சிவந்திருந்ததைப் பார்த்தது, அந்த மேசை வரிசை அப்படி இருந்ததால்தான்.

எழுந்து வந்தார். என் பெயரோடு மரியாதைக்கு ‘சான்’ சேர்த்து மெதுவாகக் கூப்பிட்டார். தெரிந்த கொஞ்சம் ஆங்கிலத்தையும் கைச்சாடையையும் சேர்த்து, எப்போதிருந்து என்று கேட்டார். ஒன்றுமில்லை, மாத்திரை போட்டிருக்கிறேன் என்று சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கும். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அவர் அன்று எங்கே இருக்கிறார் என்று எழுதி வைப்பார்கள். நேராக அதனிடம் போய், என் பெயருக்கு நேராக ‘ஆஸ்பத்திரி’ என்று எழுதினார். அடுத்த வரியில் தன் பெயருக்கு நேராகவும் அதையே எழுதினார். பிறகு குழுவைப் பார்த்து இரண்டு நிமிடம் பேசினார். என் கையில் இருந்த வேலையை இருவரிடம் பிரித்துக் கொடுத்தார். கோட்டை மாட்டிக்கொண்டு, போகலாம் என்றார்.

கிளினிக் இரண்டு தெரு தள்ளி. வாசலில் செருப்பைக் கழற்றி, அவர்கள் வைத்திருந்த பச்சை ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும். வரவேற்பில் இருந்த பெண் முதலில் ஒரு வெப்பமானியைக் கொடுத்தாள். நான் பழக்கதோஷத்தில் வாய்க்குக் கொண்டுபோக, காச்சோ பதறிப்போய்க் கையைப் பிடித்து, அக்குளில் வைக்க வேண்டும் என்று தானே செய்து காட்டினார். பிறகு ஒரு படிவம். வயது, எடை, என்ன செய்கிறது, எப்போதிலிருந்து, ஒவ்வாமை உண்டா, மது உண்டா, புகை உண்டா. கூடவே முன்னும் பின்னுமாக மனித உருவம் ஒன்று, வலிக்கும் இடத்தில் வட்டம் போடுவதற்கு. ஒவ்வொரு வரியையும் அவர் எனக்குக் கேள்வியாக நடித்துக் காட்டி, நான் தலையாட்டியதைத் தன் அழகான கையெழுத்தில் நிரப்பினார். மது உண்டா என்ற இடத்தில் மட்டும் நான் இல்லை என்று தலையாட்டியதும், நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். ஆண்டு இறுதி விருந்தில் நான் ஆரஞ்சுச் சாறோடு உட்கார்ந்திருந்தது அவருக்கு நினைவிருந்தது.

காத்திருந்தோம். ஜப்பானிய மருத்துவமனைகளைப் பற்றி அவர்களே சொல்லிக்கொள்வது உண்டு: மூன்று மணி நேரம் காத்திருந்து மூன்று நிமிடம் பார்த்துவிட்டு வருவது என்று. எங்களுக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை என்றாலும், ஒரு பிரிவின் தலைவர் அலுவலக நேரத்தில் பழைய வார இதழைப் புரட்டிக்கொண்டு பச்சைச் செருப்போடு உட்கார்ந்திருக்கும் அளவுக்கு ஆயிற்று. அந்த நேரத்தில்தான் எங்கள் ஊரில் தாமிரபரணி என்று ஓர் ஆறு ஓடுகிறது என்பதை அவருக்குச் சொன்னேன். அவர் பிறந்தது வடக்கே அகிதா பக்கம் ஒரு நெல் விளையும் கிராமம் என்று அவர் சொன்னார். நாற்று நடுவதை இருவருமே கையால் காட்டிக்கொண்டோம். வேலையைத் தவிர வேறு எதையும் அதுவரை நாங்கள் பேசியதில்லை.

டாக்டர் முதியவர். ஆங்கிலம் பேசத் தயங்கினார், ஆனால் படிப்பார், எழுதுவார். ஒரு துண்டுக் காகிதத்தில் நோயின் பெயரை ஆங்கிலத்தில் எழுதி என் பக்கம் திருப்பி வைத்தார். காய்ச்சலும் தொண்டைப் புண்ணும்தான், பயப்பட ஒன்றுமில்லை. நோயாளியின் குறிப்பேட்டில் அவர் எழுதியதோ ஜெர்மன் சொற்கள். மெய்ஜி காலத்தில் ஜப்பான் மேலைநாட்டு மருத்துவத்தை ஜெர்மானியரிடம் கற்றது, அந்தத் தலைமுறை டாக்டர்களின் பேனாவில் அந்தப் பழக்கம் அப்போதும் இருந்தது. இன்று அந்த இடத்தில் கணினித் திரை இருக்கிறது. டாக்டர் தட்டச்சு செய்துகொண்டே பேசுகிறார், முகத்தை அரைவாசிதான் காண முடிகிறது. எங்கள் ஊரில் டாக்டரிடம் போனால் ஒரு ஊசியாவது போடாமல் அனுப்பினால் வைத்தியம் பார்த்ததாகவே கணக்கில்லை. இங்கே ஊசி இல்லை. வேளைக்கு வேளை பிரித்து, சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்களில் தூள் மருந்து. காச்சோ மருந்துக்கடையில் நின்று, ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் சூரியன், உச்சி வெயில், நிலா என்று படம் போட்டுக் கொடுத்தார். காலை, மதியம், இரவு. மறுநாள் ஓர் எவர்சில்வர் குடுவையில் கஞ்சி வந்தது, அவர் மனைவி வைத்தது. மேலே ஓர் உப்பு ஊறிய சிவப்புப் பழம். உமெபோஷி. திறந்ததும் வந்த மணத்தில், வடுமாங்காயும் கஞ்சியும் வைத்துக்கொண்டு கட்டிலோரம் நிற்கும் என் ஆச்சி ஞாபகம் வந்து, அறைத்தோழன் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இவ்வளவும் நடந்தும் எனக்கு ஒரு வருத்தம் இருந்தது. என் உடம்பைப் பற்றி இவர் எதற்கு இருபது பேர் முன்னால் பேசினார் என்பதுதான் அது. திரும்பி வந்தபோது ஒவ்வொருவராக வந்து விசாரித்தார்கள். ஒருவர் எலுமிச்சை மிட்டாய் கொடுத்தார். ஒரு பெண் முகமூடிப் பெட்டி ஒன்றை மேசையில் வைத்துவிட்டுப் போனார். மூன்றாவது மாடியில் இருந்தவருக்குக்கூட என் தொண்டைப் புண் தெரிந்திருந்தது. இந்தக் கூச்சத்துக்கு விளக்கம் வெகுகாலம் கழித்துக் கிடைத்தது. ஜூஜி மிசுமி என்று ஒரு ஜப்பானிய சமூக உளவியலாளர் இருந்தார். 1960களிலிருந்து தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் தலைமையைப் பற்றி ஆராய்ந்தவர். தலைவரின் வேலையை அவர் இரண்டாகப் பார்த்தார்: காரியத்தை முடிக்க வைப்பது ஒன்று, குழுவைக் கட்டிக் காப்பது இன்னொன்று. முதலாவதற்கு பி, இரண்டாவதற்கு எம் என்று குறியீடு வைத்தார். இரண்டும் ஓங்கியிருக்கும் தலைவரிடம்தான் வேலையும் நடக்கிறது, மனிதரும் நிற்கிறார்கள் என்பது அவர் கண்டது.

அந்த மிசுமியும் பீட்டர் ஸ்மித் என்ற பிரிட்டிஷ் உளவியலாளரும் வேறு சிலரும் சேர்ந்து 1989இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பிரிட்டன், அமெரிக்கா, ஹாங்காங், ஜப்பான் என்று நாலு இடங்களில் தொழிலாளரைக் கேட்டது. அதில் ஒரு கேள்வி எனக்காகவே எழுதியதுபோல் இருந்தது. குழுவில் ஒருவருக்குச் சொந்தக் கஷ்டம் வந்தால், அவர் இல்லாதபோது மேலதிகாரி மற்றவர்களிடம் அதைப் பேசலாமா? ஜப்பானிலும் ஹாங்காங்கிலும் அதை அக்கறை என்றார்கள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அதே செயலை அக்கறையின்மை என்றார்கள். அதைப் படித்தபோது அந்த வெள்ளைப் பலகை கண்முன் வந்தது. எனக்கு உடம்பு முடியாதபோது என் வேலையை யாராவது செய்ய வேண்டும், செய்பவர் ஏன் செய்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும், நான் திரும்பி வரும்போது யாரும் முகம் சுளிக்கக் கூடாது. இத்தனையையும் அவர் அந்த இரண்டு நிமிடப் பேச்சில் முடித்திருந்தார்.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிச் சொல்ல எனக்கு மனமில்லை. இரவு பத்து மணிக்கு மேலும் விளக்கெரியும் மாடிகள், கடைசி ரயிலைப் பிடிக்க ஓடும் கூட்டம், காய்ச்சலோடு முகமூடி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பவரைப் பொறுப்பானவர் என்று மெச்சும் பேச்சு, இதெல்லாமும் அந்தக் காலம்தான். உடம்பு சரியில்லை என்பதற்கென்று சட்டப்படி சம்பளத்தோடு விடுப்பு இந்த நாட்டில் இன்றும் கிடையாது. ஆண்டு விடுப்பிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். நீண்ட நோய் என்றால் நாலாம் நாளிலிருந்து சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் காப்பீடு கொடுக்கும், ஒன்றரை ஆண்டு வரை. நல்ல ஏற்பாடு. ஆனால் அதைக் கேட்டு வாங்க அன்று எத்தனை பேருக்குத் துணிச்சல் இருந்தது?

எங்கள் காச்சோவுக்கே இருந்ததில்லை. என்னைக் கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனவரின் மேசை இழுப்பறையில் வயிற்றுக்கான தூள் மருந்து டப்பா ஒன்று நிரந்தரமாக இருக்கும். சாப்பிட்டதும் யாரும் பார்க்காத மாதிரி ஒரு கரண்டி வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார். ஒருநாள் வெள்ளைப் பலகையில் அவர் பெயருக்கு நேரே வேறொருவர் கையெழுத்தில் ‘ஆஸ்பத்திரி’ என்று இருந்தது. வயிற்றில் அறுவை சிகிச்சை. பார்க்கப் போகும்போது ஒரு பூந்தொட்டி வாங்கிக்கொண்டு கிளம்பினேன். கூட வந்த தோழர் வழியிலேயே நிறுத்தி, தொட்டிச் செடி கூடாது, நோயாளி வேர்பிடித்துப் படுக்கையிலேயே இருந்துவிடுவார் என்று இங்கே ஒரு நம்பிக்கை என்றார். தொட்டியை நிலையத்துப் பூக்கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழம் வாங்கிப் போனோம். நீலக் கோடு போட்ட மருத்துவமனை உடையில் காச்சோ சின்னதாக இருந்தார். நாங்கள் வாயைத் திறப்பதற்குள், எனக்கு இப்போது தொண்டை எப்படி இருக்கிறது என்று கேட்டார். எங்கள் பிரிவில் அவர் இல்லாத அந்த வாரங்களில் ஒரு வேலைகூட நிற்கவில்லை. யார் எதைச் செய்ய வேண்டும், யாருக்கு எது தெரியும், சிக்கல் வந்தால் யாரிடம் கேட்க வேண்டும் என்று ஒரு நோட்டு முழுக்க முன்னமே எழுதி வைத்திருந்தார். மிசுமியின் பி, எம் இரண்டும் ஒரே நோட்டில் இருந்தன.

ஆண்டுக்கொரு முறை மருத்துவப் பரிசோதனை. 1972ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி முதலாளி கட்டாயம் செய்விக்க வேண்டியது, தொழிலாளி கட்டாயம் செய்துகொள்ள வேண்டியது. அந்த நாளை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் லேசாகிவிடும். அலுவலக வாசலில் எக்ஸ்ரே கருவி பொருத்திய பேருந்து வந்து நிற்கும். இயக்குநரும் காச்சோவும் நேற்றுச் சேர்ந்தவரும் ஒரே மாதிரியான வெளிர்நீல அங்கியில், ஒரே வரிசையில், காலையில் ஒன்றும் சாப்பிடாத முகத்தோடு. வயிற்றுக்கு பேரியம் குடிக்க வேண்டும். முதலில் வாயு உண்டாக்கும் தூள், அதன்மேல் சுண்ணாம்புக் கரைசல் போன்ற பேரியம், பிறகு மேசையோடு சேர்த்து மனிதரைச் சாய்த்து உருட்டிப் படமெடுப்பார்கள். ஏப்பம் விடக் கூடாது. ஏப்பம் வந்தால் மறுபடி தூள். வெளியே வரும் ஒவ்வொருவரும் அடக்கினேன் என்று கட்டைவிரலை உயர்த்துவார்கள். நாங்கள் கைதட்டுவோம். இயக்குநருக்கும் கைதட்டினோம். கொடுத்தனுப்பும் பேதி மாத்திரையை எப்போது போட்டால் மதியக் கூட்டத்துக்குத் தொந்தரவில்லை என்று மூத்தவர்கள் இளையவர்களுக்கு யோசனை சொல்வார்கள். இன்று நாங்கள் ஒவ்வொருவரும் அவரவருக்குக் குறித்த நேரத்தில், மெல்லிசை ஒலிக்கும் பரிசோதனை மையத்துக்குத் தனித்தனியாகப் போகிறோம். பேரியம் வேண்டாமென்றால் உள்நோக்குக் குழாய். 2008இலிருந்து இடுப்பையும் அளக்கிறார்கள். ஆணுக்கு 85 சென்டிமீட்டரை எட்டி, வேறு அபாயக் குறிகளும் சேர்ந்தால் அறிவுரை வரும். முடிவுகள் கைபேசிக்கே வந்துவிடுகின்றன. நோயை முன்னைவிட நேரத்தோடு பிடிக்கிறார்கள், அதில் சந்தேகமே இல்லை. கைதட்டத்தான் யாரும் இல்லை.

காலம் ஓடி, அந்த ஜன்னலோர இடத்துக்குச் சமமான ஒரு பொறுப்பு எனக்கும் வந்தது. வந்தபோது பல விஷயங்கள் நல்லபடியாகவே மாறியிருந்தன. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் தொழில் மருத்துவர் ஒருவர் இருக்க வேண்டும் என்ற விதி முன்பே உண்டு. 2015 டிசம்பரிலிருந்து அதே அளவுள்ள இடங்களில் ஆண்டுதோறும் மன அழுத்தச் சோதனையும் கட்டாயம், பரவலாகப் பயன்படும் தாளில் 57 கேள்விகள். 2019 ஏப்ரலில் கூடுதல் நேர வேலைக்கு முதன்முதலாகச் சட்டத்தில் உச்சவரம்பு வந்தது. மாதத்துக்கு 45 மணி, ஆண்டுக்கு 360 மணி என்பது பொது விதி. அதே ஏப்ரலில், ஊழியர் ஆண்டுக்கு ஐந்து நாளாவது விடுப்பை எடுக்கும்படி பார்த்துக்கொள்வது முதலாளியின் கடமை என்றும் ஆயிற்று. 2020இல் மேலதிகாரியின் கொடுமைக்கு எதிரான சட்டம். பத்து மணி விளக்குகள் அணைந்தது எங்கள் நற்குணத்தால் அல்ல, இந்தச் சட்டங்களால்தான் என்று நான் அழுத்திச் சொல்வேன். எங்கள் காச்சோவுக்கு இவை கிடைத்திருந்தால் அந்தத் தூள் டப்பா தேவைப்பட்டிருக்காது.

ஊழியரின் உடம்பைப் பற்றிய செய்தி இப்போது காக்கப்பட வேண்டிய செய்தி. 2005இல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் முழுமையாக நடப்புக்கு வந்த பிறகு, வெள்ளைப் பலகையில் ‘ஆஸ்பத்திரி’ என்று எழுதும் மேலதிகாரியை எந்த மனிதவளத் துறையும் கூப்பிட்டு விசாரிக்கும். சரிதான். என் கூச்சம் எனக்கு நினைவிருக்கிறதே. என் குழுவில் இருக்கும் மதுரைப் பெண் காலையில் உடம்பு முடியவில்லை என்று ஒரு வரி அனுப்புகிறாள். நான் சம்மதம் என்ற பொத்தானை அழுத்துகிறேன். அவள் கைபேசியிலேயே டாக்டரைப் பார்த்துவிடுகிறாள். முதல்முறை வரும் நோயாளியைக்கூட இணையவழி பார்க்கலாம் என்று கொரோனா காலத்தில், 2020 ஏப்ரலில், தற்காலிகமாக அனுமதித்தது 2022இல் நிரந்தரமானது. கிளினிக்குக்கே போனாலும், 2024 டிசம்பரிலிருந்து பழைய காப்பீட்டு அட்டையைப் புதிதாகத் தருவதில்லை. அரசின் அடையாள அட்டையைக் கருவியில் வைத்து முகத்தைக் காட்டினால் போதும். படிவத்தை மொழிபெயர்ப்புச் செயலி படித்துச் சொல்கிறது. சூரியனும் நிலாவும் வரைந்து கொடுக்க யாரும் வேண்டியதில்லை.

ஆனாலும் சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு, குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, விடியும் வரை பொறுத்திருந்து, நேராக ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போய் நின்றான். பெரிய மருத்துவமனைக்குச் சின்னக் கிளினிக்கின் கடிதம் இல்லாமல் போனால் குறைந்தது 7,000 யென் தனியாகக் கட்ட வேண்டும், 2022 அக்டோபரிலிருந்து அப்படி. அது அவனுக்குத் தெரியாது. இரவில் ஆம்புலன்ஸ் வேண்டுமா வேண்டாமா என்று தெரியாவிட்டால் #7119 என்ற எண்ணில் செவிலியரிடம் கேட்கலாம், டோக்கியோவில் 2007இலிருந்தே இருக்கும் ஏற்பாடு. அதுவும் தெரியாது. 119க்குக் கூப்பிட்டால் வரும் ஆம்புலன்ஸுக்குக் காசு கிடையாது என்பதும் தெரியாது. எல்லாவற்றையும் சொல்லக்கூடிய கைபேசி கையிலேயே இருந்தது. எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தவனுக்குத்தான் அது பதில் சொல்லும். ஊரில் அம்மாவிடம் சொல்லவில்லை, பயந்துவிடுவார்கள் என்று. என்னிடம் அரை நாள் விடுப்பு மட்டும் கேட்டிருந்தான்.

நான் கூப்பிட்டேன். “உனக்குச் சம்மதமென்றால் மட்டும் வர்றேன் தம்பி” என்றேன். “வேண்டாம் சார், உங்களுக்கு எதுக்குச் சிரமம்” என்றான். இரண்டாம் முறை கேட்டபோது சரி என்றான். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேலை ஒப்பந்தம் என்ன ஆகுமோ என்று பயமாக இருந்ததா என்று கேட்டதும் அவன் திரும்பிப் பார்த்த பார்வையில், இருபத்தைந்து ஆண்டில் கட்டணமும் கருவியும் சட்டமும் மாறியிருக்கின்றன, இந்தப் பயம் மட்டும் அதே டப்பாவில் ஊரிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது என்று புரிந்தது. எண் திரையில் வரும் வரைக்கும் பேசிக்கொண்டிருந்தோம். அவன் அப்பா நெசவுத்தொழில். அக்கா கல்யாணக் கடன் அவன் தலையில். மாதாமாதம் நான் அவனோடு தனியாகப் பேசும் அரைமணி நேரக் கூட்டங்களில், ஒரு தாளில் ஏழெட்டுக் கேள்விகளோடு, இவற்றில் ஒன்றுகூட எனக்குத் தெரியவரவில்லை. டாக்டர் மருந்து கொடுத்து, இரண்டு நாள் ஓய்வு என்றார். பெரிதாக ஒன்றுமில்லை. வேலையை யாரிடம் பிரித்துக் கொடுக்கலாம், காரணம் சொல்லலாமா வேண்டாமா என்று அவனையே கேட்டேன். “வயிறு சரியில்லைன்னு சொல்லுங்க சார், மத்தது வேண்டாம்” என்றான். அப்படியே சொன்னேன்.

நல்ல தலைமை என்பதற்கு எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன், சிலவற்றை நடத்தியும் இருக்கிறேன். அங்கே இலக்கு, திட்டம், தொலைநோக்கு எல்லாம் பேசுகிறோம், பேச வேண்டியவைதான். சொந்த ஊரை விட்டு வந்தவனுக்குத் தன் மேலதிகாரி எப்படிப்பட்டவர் என்று தெரிவது காய்ச்சல் அடிக்கும் நாளில்தான் என்பது என் அனுபவம். அந்த நாளில் சட்டம் துணை நிற்கிறது, காப்பீடு துணை நிற்கிறது, கைபேசியும் நிற்கிறது. ஒரு மனிதரும் வேண்டியிருக்கிறது. சட்டத்தால் அவரை அனுப்பிவைக்க முடியாது.

டோக்கியோவோ தோஹாவோ டொராண்டோவோ, உங்களிடம் யாராவது வேலை பார்க்கிறார்கள் என்றால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். புதிதாக வந்தவருக்கு முதல் வாரத்திலேயே நிறுவனத்தின் கடவுச்சொற்களைக் கொடுக்கும்போது, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கிளினிக் எது, இரவில் யாரைக் கூப்பிட வேண்டும், எவ்வளவு ஆகும், காப்பீடு எதைக் கொடுக்கும் எதைக் கொடுக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். உடம்புக்கு முடியாமல் வராவிட்டால் ஒப்பந்தத்துக்கு ஒன்றும் ஆகாது என்பதை உங்கள் வாயால், அவர் மொழியில், ஒரு தடவை சொல்லுங்கள். துணைக்கு வரட்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் இன்னொரு முறை கேளுங்கள். சரி என்றால் வேலையை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போய் உட்காருங்கள்.